கரைத்த இடம்

இனியாவின் அம்மாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. இங்கே புக்கிட் மேராவில் நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது என்றுதான் நீ ஊருக்குப் போனாய். நானும் இப்போது அதைத் திறப்பதில்லை.

என்னைக் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே கடலைத் தூர்த்துப் புதுக் கரை எழுப்பப் போகிறார்கள். அதற்கு முன் கடலடி மண்ணைக் குழாயில் உருவி எடுத்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. நேற்று எடுத்த மண்ணில், கறுப்புச் சேற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மெல்லிய வரி ஒன்று ஓடியது. கூட வேலை செய்யும் ஷபானாவிடம் அது என்ன என்று கேட்டேன்.

"ஏதாவது பொடியா இருக்கும்ண்ணா. கடல்ல எல்லாம் கரைஞ்சிடாது லா. ஓட்டம் குறைஞ்ச இடத்துல அப்படியே படிஞ்சிடும்" என்றாள்.

பூட்ஸில் ஒட்டிய அந்தச் சேற்றை நான் இன்னும் கழுவவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அன்று இதே கிழக்குக் கடலில், படகில் ஐயர் இனியாவின் சாம்பல் கலயத்தை நீட்டி, "கரைச்சிடுங்கம்மா" என்றார். "கரைஞ்சிடுவாளா?" என்று நீ கேட்டாய்.

கரையவில்லை. கரையாகப் போகிறாள்.

அதன்மேல் சைக்கிள் பாதை போடுவார்களாம், மரம் வைப்பார்களாம். ஊரே செருப்போடு நடக்கும். நீ ஒருமுறை வா. நாம் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளை எழுப்பாமல் நடந்துவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
அவள் அப்பா