குடை பிடித்த காக்கை

ஜூன் 12, வியாழன்

கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றபோது நடைபாதைக் கடையில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தேன். குடை பிடித்த காக்கை. எங்கள் ஸ்வாதியின் காக்கை! முகப்பேரில் அவள் வேலை செய்யும் சிறப்புக் குழந்தைகள் மையத்தில் ஒவ்வொரு பையிலும் அவள் கையால் வரைவது. இதில் அச்சடித்திருக்கிறார்கள். கீழே எங்கள் மையத்தின் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

"புள்ளைங்க செஞ்சது மேடம். துட்டு அவுங்களுக்குத்தான் போவுது" என்றாள் கடைக்காரம்மா, சிரித்துக்கொண்டே. உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் செய்தது என்ன? ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏமாளி!

ஜூன் 13, வெள்ளி

மையத்தை நடத்தும் இராமகிருஷ்ணன் சார் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் ரெண்டு மாசமா நம்ம பை போகலையா? இப்படியே போனா பைப் பிரிவையே மூடணும்மா." போலீஸில் புகார் கொடுக்கிறார். மூடினால் ஸ்வாதி? அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம்.

பையை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, என் காக்கா கடைக்குப் போயிருக்கு!" என்று ஒரே குதி. பிறகு முகம் சுருங்கியது. "கண்ணே போடலம்மா. பாவம்."

நாளைக்கே அந்தக் கடைக்குப் போகவேண்டுமாம். இருபத்தாறு வயது, டவுன் சிண்ட்ரோம். தெருமுனையைத் தாண்டி அவளைத் தனியே விட்டதில்லை. நானும் போகிறேன்.

ஜூன் 14, சனி

சண்டை போடத்தான் போனேன். ஸ்வாதி முந்திக்கொண்டாள். "இது என் காக்கா. நான்தான் வரைஞ்சேன்."

சரசா (அதுதான் கடைக்காரம்மா பெயர்) நம்பவில்லை. ஸ்வாதி மார்க்கரை எடுத்து, அங்கே கிடந்த அட்டைப்பெட்டியில் நாலு கோட்டில் காக்கையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். குடையோடு, கண்ணோடு.

"ஐயய்யோ, சத்தியமா தெரியாது மேடம். வானகரத்துல ஒருத்தன் குட்த்தான். புள்ளைங்களுக்குப் போவுதுன்னுதான் நானே லாபம் கம்மியா வச்சி விக்கிறேன்!" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் கோபம் எங்கே போனதோ.

அதற்குள் ஸ்வாதி தொங்கிய பைகளுக்கெல்லாம் கண் வரைந்துகொண்டிருந்தாள். "பாரேன், கடைக்கு வந்து கண்ணு வெச்சிகினு கீது பொண்ணு!" என்று சரசா சொல்ல, மூவரும் சிரித்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

சரசா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள்! வருவாள் என்று நினைக்கவில்லை. "அவன் குடோன் எனக்குத் தெரியும், காட்றேன்" என்றாள். காட்டினாள். ஆளும் பையும் பிடிபட்டாயிற்று.

"காக்கா எல்லாம் ஜெயில்லயாம்மா?" என்கிறாள் ஸ்வாதி.

ஜூன் 28, சனி

சரசா கடையில் இனி எங்கள் பைதான். "பொண்ணு நேர்ல வரைஞ்சா ஜனம் நிக்கும் மேடம்" என்றாள். நின்றது. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, நீ மறைக்கிற."

ஜூலை 5, சனி

அடுத்த வாரம் தனியாகப் போவாளாம். முடியவே முடியாது என்றேன். அவள் சாப்பிடவில்லை. நானும்தான். யாருக்குப் பயம் — அவளுக்கா, எனக்கா?

ஜூலை 12, சனி

பஸ் ஏற்றிவிட்டேன். கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன், ஜன்னலிலிருந்து முறைத்தாள். மூடிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சரசா கூப்பிட்டாள். "வந்துட்ச்சு மேடம். அம்மாகிட்ட பேசுறியான்னா, வேலை கீதுன்னு சொல்லச் சொல்லுது."

சாப்பிட்டுவிட்டு, சும்மா கொஞ்சம் படுக்கலாம் என்று படுத்தேன். மாலையில் அவள் வந்து காலிங்பெல் அடித்த பிறகுதான் எழுந்தேன்.