சுவருக்குள் போன பெயர்கள்

அக்கா, என் மடியில் ஒரு பாதிச் செங்கல் இருக்கிறது. தண்ணீர் தெளித்தால் கங்கைக்கரை மண் வாசனை வருகிறது. உங்கள் பெயரில் பாதி இதில் இருக்கிறது. மறுபாதி கோயிலை இடித்தபோது தூளாகிவிட்டது.

வங்காளத்துக்குப் பிழைக்க வந்த நாம் லேக் கார்டன்ஸில் நம் பிள்ளையாருக்கு முதன்முதலாகக் கோயில் கட்டியபோது, சரித்திர டீச்சரான நீங்கள்தான் பன்னிரண்டு தமிழ்க் குடும்பத்தையும் படகில் ஏற்றிச் சூளைக்குக் கூட்டிப்போனீர்கள். ஈரச் செங்கல்லில் வீட்டுக்கு ஒரு பெயர் கீறச் சொன்னீர்கள்.

"பூசிட்டா யார் கண்ணுலக்கா படும்?" என்றேன்.

"ஈரான் பக்கம் ஏலாம்னு ஒரு தேசம் இருந்துச்சு. அந்த ராஜாக்கள் செங்கல்லுல பேரெழுதி கோயில் சுவத்துலதான் வச்சாங்க. உனக்குச் சாமி படிச்சா போதாதா?"

திரும்பும்போது படகில் இன்னொன்றும் சொன்னீர்கள். "ராஜ்யம் போயும் அவங்க பாஷை போகலடி. ஜெயிச்ச பாரசீக ராஜா மலையில தன் பெருமையைச் செதுக்கினப்போ, அந்தப் பாஷையிலயும் செதுக்கினான்."

இப்போது கோயிலைப் பெரிதாகக் கட்டுகிறார்கள். நியூ டவுனிலிருந்து வரும் கோயில் கமிட்டிச் செயலாளர் தம்பி, பழைய செங்கல்லை லாரியில் ஏற்றச் சொன்னார். நான் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"ஆண்ட்டி, எழுந்திரிங்க. கிரானைட்ல எல்லார் பேரும் போடறோம்ல."

"அது இப்பக் கொடுக்கறவங்க பேரு. இது முன்னாடி கட்டினவங்க பேரு. ஏலாம் ராஜா ஒருத்தன் பழைய கோயிலைத் திருப்பிக் கட்டினப்போ, முன்னாடி கட்டினவங்க பேரையும் சேர்த்து எழுதினான். உனக்கு என்னப்பா குறைஞ்சிடும்?"

"அந்த ஜனம் இப்ப எங்க இருக்கு ஆண்ட்டி?"

"இல்ல. அந்தப் பேச்சும் இல்ல. எழுதினது இருக்கு. அதனாலதான் உங்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

வங்காளிக் கொத்தனார் "மாஷிமா" என்று, சித்தியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுத் தன் குடையை நீட்டினார். பிள்ளையார் பெயரைச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லாரி வெறுமனே போயிற்று.

பெயர் கீறிய மற்றப் பதினொரு செங்கல்லையும் கொத்தனார் புதுச் சுவரின் அடி வரிசையில் வைத்துவிட்டார். உங்களுடையது உடைந்தது, சுவருக்கு ஆகாது என்றார் கொத்தனார். சரி என்று, ஈரச் சிமெண்டில் வீட்டுச் சாவியால் உங்கள் முழுப் பெயரையும் கீறினேன். கீழே, 'முன்னாடி கட்டினவ'. அதன்மேல் அவர் அடுத்த வரிசையை வைத்தார்.

சிமெண்டில் கீறியது செயலாளருக்குத் தெரியாது. தெரிந்தாலும், சுவரை இடித்தால்தான் அழிக்க முடியும். இடிக்க வரட்டும். இந்தப் பாதிச் செங்கல்லோடு நான் மறுபடியும் வந்து உட்காருவேன்.