மன்னிப்பு நாளில் ஒரு மிடறு தண்ணீர்

ஜெருசலேம்

அன்புள்ள எஸ்டெரியா,

தாய்வீட்டில் நீயும் உன் தாயாரும் நலமென நம்புகிறேன். களைப்பைத் தவிர, நானும் நலமே. தண்ணீரும் கூடாத மன்னிப்பு நாள் நோன்பில், மாலைத் தொழுகையின்போது சற்றே தலைசுற்றியது; விழுந்தேன் என்பது மிகை. பக்கத்து வீட்டு யெகியா தண்ணீரை நீட்டினார்.

"குடிங்க, வக்கீல் சார். சாகறதுக்கு உங்ககிட்ட யாரும் வக்காலத்து கொடுக்கலையே."

"நோன்பு முடிய இன்னும் ஒரு மணி நேரம்தானே..."

"அதுவரைக்கும் பொணத்துக்கு நான் காவலா? குடிங்கய்யா. வீட்டுல யாருக்காவது சொல்லணுமா?"

குடித்தேன். மனைவி நீ இருந்தும், எனக்கென்று யாருமில்லை என்றேன். உன்னைக் கலங்கவைக்க வேண்டாமென்று சொன்ன பொய் அது. மனிதருக்கு இழைத்த தவறுக்கு அவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டுமென்பது நம் விதி, ஆகவே கேட்கிறேன்.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. இடமிருந்தால் உன் சீமைமாதுளை ஜாமும். தபால் நேரமாகிறது. மன்னித்ததாக ஒரு வரி எழுது. அதுவரை என் நோன்பு முடிந்ததாகக் கொள்ள இயலாது.

உன்
நிசிம்