டிவிக்கு மேலே மாட்டிய கட்டுரை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் அத்தை எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். ஹாலில் குண்டூசி விழுந்தாலும் உங்கள் அம்மா காதுக்குத் தப்பாது. அதனால்தான் கடிதம்.

உங்கள் அண்ணனுக்கு மறுபடியும் வயிற்றில் நீர் கோத்து எடுத்திருக்கிறார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். கல்லீரல் சுருங்கிவிட்டதாம். வார்டில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிறார்?" பஸ் டிப்போவில் வண்டி எடுக்கும் முன், குடித்திருக்கிறாரா என்று பார்க்க, தினமும் குழாயில் ஊதச் சொல்வார்கள். ஒரு நாள்கூட அது கத்தியதில்லை. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அத்தையே நம்பிவிட்டார். "எனக்குத் தெரியாம குடிச்சிருக்கான்" என்று நாளெல்லாம் புலம்பல்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் இதே நோயைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறீர்கள்? குடிக்காதவருக்கு ஈரல் கெடுமா? மென்று முழுங்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கெடும். அண்ணன் குடிக்கவில்லை. அவரோடு பேசுங்கள்.

இது ஹெபடைடிஸ் பி என்ற வைரஸாகத்தான் இருக்க வேண்டும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும். பல வருடம் சத்தமே இல்லாமல் உள்ளே இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தது நான்தான்; அதில் அம்மாவுக்கு இது இருந்தது. அம்மாவை அது ஒன்றும் செய்யவில்லை. உன்னிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைச் சோதித்தேன். எனக்கும் இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை, நன்றாக இருக்கிறேன்.

அண்ணனுக்கு அப்போதே தெரிவித்தேன். வாயால் சொல்லவில்லை; அச்சில் வந்திருந்த என் கட்டுரையை அனுப்பினேன். தாய்க்கு இருந்தால் பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற பத்தியில் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். அவர் ஏன் போகவில்லை என்று தெரியவில்லை.

டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரை உண்டு. இந்த நிலையில் எவ்வளவு கேட்கும் என்று சொல்ல முடியாது. நீங்களும் பிள்ளைகளும் ரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தட்டு, டம்ளரில் ஒட்டாது.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வர வேண்டும் அண்ணி. வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவதுபோல எழுதிக்கொண்டு போகிறேன்.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

சோதித்தார்கள். நீங்கள் சொன்னதேதான். மாத்திரை தொடங்கியாயிற்று. எனக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை, முதல் ஊசி போட்டுக்கொண்டோம்.

நீங்கள் அனுப்பிய கட்டுரை எங்கே இருக்கிறது தெரியுமா? ஹாலில், டிவிக்கு மேலே, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. வந்தவர் போனவர் எல்லோரையும் நிறுத்திக் காட்டுவார். "என் தம்பி எழுதினது. முக்கியமான இடத்துல அவனே கோடு போட்டு அனுப்பியிருக்கான், பாருங்க." கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை. வாராவாரம் அந்தக் கண்ணாடியைத் துடைத்தது நான். எனக்கும் அவருக்கும் இங்கிலீஷ் படிக்க வராது. பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களும் படிக்கவில்லை. சித்தப்பா எழுதியது என்றால் கும்பிடுவதற்கு, படிப்பதற்கு இல்லை என்றே வளர்ந்துவிட்டார்கள். "ரத்தம் பாரு அண்ணா" என்று ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கக் கூடாதா? சண்டைக்குக் கேட்கவில்லை. கோபம் வர வேண்டிய இடம் மரத்துக் கிடக்கிறது.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அவன் பாவம், எழுதித்தான் இருக்கான்" என்றார். கொஞ்சம் கழித்து, "அம்மாகிட்ட சொல்லிடாதே. தன்னாலதான்னு நினைச்சே செத்துடுவா. நான் குடிச்சேன்னே இருக்கட்டும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அண்ணி

மே 2

தம்பிக்கு,

அண்ணன் காரியம் முடிந்து நல்லபடியாக ஊர் திரும்பியிருப்பீர்கள்.

அன்றைக்கு அத்தை அவர்மேல் விழுந்து, "குடிச்சே போயிட்டியேடா" என்று கதறியபோது டிப்போக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். பெரியவள் மட்டும் "எங்கப்பா குடிக்கலை" என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை.

உங்கள் மாத்திரையைத் தவற விடாதீர்கள். இந்த வீட்டில் குடித்துச் செத்தவர் ஒருவர் போதும். பதில் எழுத வேண்டாம். இப்போதெல்லாம் கடிதம் வந்தால் அத்தை உரக்கப் படிக்கச் சொல்வார், எனக்குக் கோர்வையாகப் பொய் சொல்ல வராது.

நான் எழுதுவதைப் பார்த்து அத்தை, "சின்னவனுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வைரஸ், வைரஸ்னு எதையோ கட்டிக்கிட்டு அழுவுறானே, அதை விட்டுட்டு இந்தக் குடிக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கச் சொல்லு. இன்னொருத்தி வயிறு எரிய வேண்டாம்."

எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

அண்ணி