பச்சை நாடா சுற்றிய குடை

14 ஜூன் 2025, சனி

சங்கடஹர சதுர்த்தி. பால் ஒரு லிட்டர், அருகம்புல் ஒரு கட்டு. கொத்தமல்லி இருபது ரூபாய் என்றான், விட்டுவிட்டேன்.

மத்தியானம் ரயில் குழு. போன வருஷம் மகள் ஸ்நேஹாதான் போனில் சேர்த்துவிட்டாள் — "டைம்பாஸ் ஹோகா, பொழுது போகும்மா." தெருத்தெருவாகப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்களே, அதற்குள் புகுந்து நடந்து, கேட்டிலோ பாலத்தடியிலோ தற்செயலாக அகப்பட்ட ரயிலைக் கண்டுபிடித்துப் போட வேண்டும். பிறகு அது எந்த வண்டி என்று எல்லோரும் வாதாடுவார்கள். முதலில் எஞ்சின் நம்பர், மற்றதெல்லாம் அப்புறம். அது குழுவின் சட்டம். தௌண்ட் ஸ்டேஷன் பக்கம் நான் பிடித்த சரக்கு வண்டிக்கு நல்ல பேர்.

19 ஜூன்

பெங்களூரிலிருந்து கிருஷ்ணா பேசினான். மழை நாளில் குடையை எடுத்துக்கொண்டு போசரி ஃபாக்டரிக்கு ஷிப்டுக்குப் போன அவன் அப்பா திரும்பி வராமல், இந்த ஆனியோடு பன்னிரண்டு வருஷம்.

"சாஸ்திரிகளே சொல்லிட்டார்மா. தர்ப்பையில உருவம் பண்ணி தகனம் பண்ணிடலாமாம். மஹாளய அமாவாசைக்குள்ள முடிச்சுடலாம்."

"அவர் இல்லேன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"இருக்கார்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

உயிரோடு இருப்பவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதா? அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பேன்?

27 ஜூன்

எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

தாபோடி பக்கத்து ரயில்வே கேட். இங்கே எல்லோரும் பாட்டக் என்பார்கள். அவர் தினம் போன வழி. படத்தில் கேட் சாத்தியிருக்கிறது, எஞ்சின் கடக்கிறது. நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஓரத்தில் நின்ற மனிதரைப் பார்த்தேன். லேசான கூன். கக்கத்தில் மடக்கிய கறுப்புக் குடை. பிடியில் ஏதோ பச்சை.

பெரிதாக்கினேன். பிடி விரிசல் விட்டபோது புடவை ஃபால்ஸில் மிஞ்சிய பச்சைத் துண்டைச் சுற்றித் தைத்தவள் நான்தானே!

முகம் மட்டும் மங்கல். எல்லா முகத்தையும் கம்ப்யூட்டரே அழித்துவிடுமாம். பக்கத்துச் சின்னக் கோயிலில் மாருதியின் முகத்தைக்கூட அழித்து வைத்திருக்கிறது. முகமில்லாத சுவாமியைக் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

28 ஜூன்

ஸ்நேஹாவிடம் காட்டினேன். "அரே அம்மா, டேட் பாரு. 2012. அப்போ அப்பா வீட்லதான் இருந்தாரு. ரோஜ், டெய்லி அந்த வழியாத்தானே போவாரு?"

நியாயம்தான். ஆனால் எஞ்சின் நம்பர் என்னிடம் இருக்கிறதே.

30 ஜூன்

குழுவில் எஞ்சினைப் பற்றி மட்டும் கேட்டேன். அந்தோணி கட்கிக்காரர், ரயில் என்றால் பசி மறக்கிறவர். குரலாகவே அனுப்பினார்: "நீலாக்கா, அந்தத் தேதிய நம்பாதீங்க. படம் எடுத்தவன் கேமராவுல கடிகாரத்த சரியா வைக்கல. இந்த எஞ்சின் பொறந்தே நாலு வருஷந்தான் ஆவுது. குழந்தைக்கா, பால்பல்லுகூட விழல!" எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

நான் சுவாமி அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் போன நாலு வருஷத்துக்குள் அவர் அங்கே நின்றிருக்கிறார்.

கிருஷ்ணா நம்பவில்லை. "ஊர்ல ஆயிரம் குடை இருக்கும்மா."

"பச்சை நாடா?"

"சரி. மஹாளயம் வரைக்கும் பாரு. அப்புறம் தடுக்கப்படாது."

10 ஜூலை, வியாழன்

குரு பூர்ணிமை. லோக்கலில் தாபோடி இறங்கிப் பாட்டக் வரை நடந்தேன். நேரில் மாருதிக்கு முகம் பளிச்சென்று இருக்கிறது. செந்தூரம், வெள்ளிக் கண். கேட்காரரிடம் போன் படத்தைக் காட்டினேன். "தினம் எத்தனையோ பேர் மாவ்ஷி, யாரை ஞாபகம் வைப்பது?" என்றார் மராட்டியில்.

கேட் சாத்தினார்கள், மழை கொட்டியது. குடையை வீட்டில் மறந்திருந்தேன். வண்டி வந்தது. பழக்கம் — கண் எஞ்சினை விட்டு நகரவில்லை, நம்பர் மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். தலைக்கு மேலே டப்டப்பென்று சத்தம். கோயில் தகரம் என்று நினைத்தேன். கேட் திறந்ததும் மழையும் விட்டது. பக்கத்தில் பைக்கோடு நின்றவர் சொட்டச் சொட்டப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்நேஹா என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். "குடை இங்க இருக்கு. எப்படிம்மா நனையலே?"

காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கும். குரு கடாட்சம்.

24 ஜூலை

ஆடி அமாவாசை. எள்ளைத் தொடவில்லை. குங்குமம் கலையாமல் பார்த்துக்கொண்டேன்.

14 ஆகஸ்ட்

மறுபடி பாட்டக் போனேன். அதே இடத்தில், அதே மழையில் நின்றேன். தெப்பமாக நனைந்துவிட்டேன். கோயிலுக்குத் தகரமே இல்லை, சிமெண்ட் கூரை.

12 செப்டம்பர், வெள்ளி

யாரோ அந்தச் சாலையைப் புதிதாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தோணிதான் முதலில் பார்த்தார். "நம்ம பாட்டக் புதுப்படம்! ஆனா பாருங்க, யாரோ புருஷன் பொண்டாட்டி குடைய விரிச்சு நம்பரையே மறைச்சுட்டாங்க. மழையில ரொமான்ஸு!"

திறந்தேன்.

குரு பூர்ணிமையன்று உடுத்திய அரக்குப் புடவை. மஞ்சள் பை. பக்கவாட்டில் மங்கலான முகம். அது நான். என் இரண்டு கையும் பையைப் பிடித்திருக்கின்றன. தலைக்கு மேல் விரிந்த கறுப்புக் குடை. எனக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, அதைப் பிடித்திருக்கும் கை. பிடியில் பச்சை.

குடை முழுக்க என் பக்கம். அவர் வெளியே நிற்கிறார், கொட்டுகிற மழையில். சட்டையில் ஈரம் இல்லை. தோளில் ஒரு பொட்டுகூட — ஈசுவரா — ஒரு பொட்டுகூட இல்லை.

ஒரு தடவை திரும்பியிருக்கக் கூடாதா நான்?

இப்போது திரும்பிப் பார்த்தேன். சமையலறை. குக்கர். யாருமில்லை.

மறைந்துபோன நம்பர் எனக்கு மனப்பாடம். குழுவில் போட்டேன். "எப்படிக்கா?" என்று கேட்டார் அந்தோணி.

15 செப்டம்பர்

பால் அரை லிட்டர்.

மஹாளயத்துக்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று கிருஷ்ணாவை வரச் சொல்லிவிட்டேன்.

சாஸ்திரிகள் வந்து தானத்துக்கு வேண்டியதைச் சொன்னார். செம்பு, செருப்பு, விசிறி, குடை. குடை மட்டும் வேண்டாம் என்றேன்.

"அது முக்கியமாச்சே மாமி. போற வழியில வெயிலுக்கும் மழைக்கும் அவருக்கு வேணுமே?"

"அவர் கையில இருக்கு" என்றேன்.