கை தூக்காத வரிசை

ஜூன் 3, செவ்வாய்

என் பெரிய மகள் இன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் சேர்ந்திருப்பது காது பரிசோதனை செய்கிற கம்பெனி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த வாரம் எங்கள் தகடு பட்டறைக்கே வந்து பேசப் போகிறாளாம். மெஷின் ஓடும்போது காதுக்கு மூடி போட வேண்டும், பரிசோதனைக்கு வர வேண்டும் என்று எங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். யாரும் பேர் கொடுக்காவிட்டால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? போன தடவை தீ விபத்து பற்றிப் பேச வந்தவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டோம். குறட்டை விட்டது நான்தான் என்று என்கூட வேலை பார்க்கிற மீசை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஜூன் 5, வியாழன்

அவளுக்கு யோசனை சொன்னேன். ஒன்பதாவதோடு நின்றவன் பட்டதாரிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறான் – இந்தக் கொழுப்பு எனக்கு மட்டும்தான் வரும்.

"முதல்ல ஒரு ஜோக் சொல்லும்மா. எல்லாரும் சிரிச்சதும், 'உழைக்கும் தோழர்களே'ன்னு பிடி."

"நான் என்ன தேர்தல்லயா நிக்கிறேன்? போங்கப்பா."

"அப்போ எப்படித்தான் ஆரம்பிப்பே?"

"பேசாம ஆரம்பிப்பேன்."

இது ஒரு பதிலா? பேச வருகிறவள் பேசாமல் ஆரம்பிப்பாளாம்.

ஜூன் 9, திங்கள்

மீசையிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் ரகசியமாகச் சொல்லி வைத்தேன். "என் பொண்ணுடா. வாயைத் திறந்ததும் கை தட்டிடுங்க."

"டீ யாரு வாங்கித் தர்றது?" என்றான் மீசை.

நான்தான்.

ஜூன் 10, செவ்வாய், காலை

சட்டையை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். பேசப் போவது அவளா, நானா?

அன்றே, மாலை

இதை எழுதாமல் சாப்பிட உட்கார மாட்டேன்.

சாப்பாட்டு அறையில் கூட்டம். மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் பேக்கிங் பெண்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும். தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் கிடந்து பழுத்த நாங்கள் வழக்கம்போலக் கடைசி வரிசை. சுவரில் சாய்ந்து தூங்க அதுதான் வசதி. அவளுடைய மேனேஜர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை மேசை மேல் வைத்தாள். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க. நான் சொல்ற வரைக்கும் இறக்காதீங்க."

மூடினேன். காத்திருந்தேன். ஒன்றும் காணோம். ஐயோ, பயத்தில் மறந்துவிட்டாளா? பெட்டி கெட்டுப்போய்விட்டதா? மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! எழுந்து போய் உதவலாமா என்றுகூட நினைத்தேன்.

"இப்ப கண்ணைத் திறங்க. பக்கத்துல பாருங்க. சத்தம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

திறந்தேன். முன்னால் முழுக்கக் கைகள். எங்கள் வரிசையில் ஒன்று கூட இல்லை.

மீசை விடுவானா? "நாங்க தூரத்துல இருக்கோம்ல!" என்று கத்தினான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அறையைக் கடந்து வந்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தாள். சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு பெண், கை இறக்காமலே திரும்பி, "இங்க வரைக்கும் கேக்குதே!" என்றாள்.

ஒருத்தனும் சிரிக்கவில்லை. மீசை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் என்னைத் தனியாக ஒரு பார்வை பார்க்கவில்லை. அதற்கு எவ்வளவு நெஞ்சுத் தைரியம் வேண்டும்! வரிசை முழுவதையும் பார்த்துச் சொன்னாள்: "இது உங்க தப்பு இல்ல. மெஷின் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

அப்புறம் அவள் பேசினாள், அறையே முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஃபோர்மேன்தான் முதலில் பேர் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கை தட்ட யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கே இல்லை. டீக்காசு தண்டம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எனக்காகத்தான் அப்படிச் செஞ்சியாம்மா?"

"உங்களுக்கு மட்டும்னா வீட்டிலயே சொல்லியிருப்பேனே. எத்தனை தடவை சொன்னேன், ஒத்துக்கிட்டீங்களா?"

எங்கே ஒத்துக்கொண்டேன்? வாதாடியே ஜெயித்தவன் நான்.

ஜூன் 12, வியாழன்

பரிசோதனை. வலது காது – பிரஸ் பக்கம் இருக்கிற காது – ரொம்ப மோசம். போனது வராதாம். அடப்பாவி, வீட்டுல எல்லாரும் வேணும்னே முணுமுணுக்கிறாங்கன்னு எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்! என்ன மனுஷன்யா நான்?

இடது காது பரவாயில்லையாம்.

ஜூன் 20, வெள்ளி

காதுமூடியோடு மீசையைப் பார்த்தால் விமானம் ஓட்டப் போகிறவன் மாதிரி இருக்கிறான். என்னைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஜூலை 4, வெள்ளி

வேலை நிரந்தரமாகிவிட்டது. நூல் ஆலை ஒன்றுக்கு அவளையே அனுப்புகிறார்களாம். அங்கே வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டும் என்றாள். யோசனை ஏதும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீடே அதிசயமாகப் பார்த்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி, யாரும் சொல்லாமலே, தட்டை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறி உட்கார்ந்தாள். பெரியவள் வாங்கப் போகிற சம்பளத்தில் என்ன செய்யலாம் என்று இருவரும் பேசினோம். அவளும் கத்தவில்லை, நானும் கத்தவில்லை.