வடக்கே திருப்பிய ஆண்டெனா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் வருகிற முதல் நினைப்பு. அம்மாவின் முழங்கால் படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது, டாக்டரிடம் போகலாம் என்றால் இனிமேல் இறங்காமலே இருந்துவிடுகிறேன் என்கிறாள். கீழே குடியிருக்கும் பல் டாக்டர் புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார், அது மேலே போகும்போதெல்லாம் பஸ் ஹார்ன் மாதிரிக் கத்துகிறதாம், எனக்கு அந்தத் தொல்லை இல்லை. என் காது அப்படியேதான் இருக்கிறது. மிஷின் மாட்டினால் சத்தம் பெரிதாகிறதே தவிர சொல் பிரிவதில்லை, ஈரத் தாளில் மை ஊறியது போல எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. எதிரில் நின்று அம்மா பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், நாற்பது வருஷப் பழக்கம். மற்றவர்கள் சொல்வதை அவள்தான் எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். புதன்கிழமைகளில் நீ ஃபோனில் பதினைந்து நிமிஷம் பேசுகிறாய், நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு "நல்லா இருக்காளாம்" என்கிறாள். பதினைந்து நிமிஷத்துக்கு இரண்டே சொல். முப்பத்தோரு வருஷம் செய்தி எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், இப்படி வெட்டுகிற உதவியாசிரியரை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை. நான்கு வருஷமாக நீ பேசி நான் நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டேன். உனக்கு அது தெரியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் காது சோதிக்கிற பெண் என்னை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஒவ்வொரு சத்தமாக விட்டுப் பார்த்தாள். உச்சத்தில் வருகிற கீச்சொலி எதுவும் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தாழ்வாக வருகிற 'பீப்' எல்லாம் கேட்டது, எவ்வளவு மெல்ல வைத்தாலும் கேட்டது. வெளியே வந்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள், "பேச்சுதான் சார் உடையுது, ஒத்தச் சத்தம் உடையல" என்று. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பரணில் ஏறி, நீ கல்லூரி நாளில் மோர்ஸ் தந்திக் குறி அனுப்பவும் கேட்கவும் வாங்கி வைத்துவிட்டுப் போன ரேடியோவை இறக்கினேன். மோர்ஸில் எல்லாமே ஒற்றைச் சத்தம்தானே, குட்டையாக வந்தால் புள்ளி, நீளமாக வந்தால் கோடு. எழுத்துகளைக் காதில் ஏற்றிக்கொள்ள ஏழு மாதம் ஆனது. மேஜை, தட்டு, கதவு என்று எதைக் கண்டாலும் தட்டிக்கொண்டிருந்தேன், "ஒரு மரங்கொத்தியோட குடும்பம் நடத்துவேன்னு ஜாதகத்துலகூட எழுதல" என்று அம்மா அக்கம்பக்கம் பூராவும் சொல்லிவிட்டாள். ரேடியோவில் நாமாக அனுப்ப லைசென்ஸ் வேண்டும், அந்தப் பரீட்சையும் எழுதினேன். ஹாலில் இருந்த மேற்பார்வையாளர் என்னைப் பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்த தாத்தா என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

ரேடியோவுக்கு அடியில் அந்த நீளப் பெட்டி இருந்தது, "அடுத்த லீவுல கட்டிடலாம்பா" என்று மூன்று லீவு சொல்லிக் கட்டாமலே போனாயே, அதுதான். மொட்டைமாடியில் முதலில் நான் குறுக்கே கட்டிய ஒயரில் பக்கத்து ஊர்க்காரர்கள் அனுப்புவதுதான் கேட்டது, உன் தூரத்துக்கு ஒரே பக்கமாகக் காது கொடுக்கிற ஆண்டெனா வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பெட்டியைத் திறந்தால் பதினைந்து அலுமினியக் குழாய்கள், ஒரு நடுத்தண்டு, டப்பா நிறைய நட்டும் போல்ட்டும், இரண்டு பக்க விளக்கத்தாள். ஒரு குழாய்க்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது, அதை அம்மா குடைக்கம்பியால் குத்தி எடுத்தாள். குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மூன்று கம்பிகளாக நீட்ட வேண்டும், பின்னால் நிற்பது ஏழு மீட்டர் பத்து சென்டிமீட்டர், நடுவில் இருப்பது ஆறு எழுபத்தெட்டு, முன்னால் நிற்பது ஆறு நாற்பது. நான் அவளுடைய தையல் டேப்பை எடுத்தேன், அவள் பிடுங்கி வைத்துவிட்டாள். "துணி டேப் இழுத்தா நீளும், அது பண்ற திருட்டுத்தனம் எனக்குத்தான் தெரியும்" என்று இரும்பு டேப்பைக் கொண்டுவந்து, ஒவ்வொரு அளவையும் இரண்டு தரம் பார்த்து, ஜாக்கெட்டுக்குக் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் குழாயில் குறி வைத்தாள். நான் கிளாம்ப்பை முடுக்கினேன், அவள் கண்ணை இடுக்கிப் பார்த்து "ஒரு நூல் உள்ள போயிருக்கு, வெளிய இழுங்க" என்பாள், டேப்பை வைத்துப் பார்த்தால் ஒரு நூல்தான் உள்ளே போயிருக்கும்.

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒன்று உண்டு, உனக்கு அது பழகிப்போயிருக்கும், எனக்கு இன்னும் பழகவில்லை. மூன்று கம்பிகளில் கேபிள் போய்ச் சேர்வது நடுக் கம்பிக்கு மட்டும்தான். முன்னும் பின்னும் உள்ள இரண்டுக்கும் எந்தத் தொடுப்பும் இல்லை, ஒரு ஒயர்கூடக் கிடையாது, சும்மா நிற்கின்றன. நடுக் கம்பியைவிடப் பின்னால் இருப்பது கொஞ்சம் நெட்டை, முன்னால் இருப்பது கொஞ்சம் குட்டை, ஒரு முழம்கூட இல்லாத வித்தியாசம். அதனாலேயே, நாலா திக்கிலும் சிதற வேண்டிய அலை ஒரே திக்கில் போகிறது, அந்தத் திக்கிலிருந்து வருவது மட்டும் உரக்கக் கேட்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்து மூன்று முறை படித்தேன். பிழை இல்லை. தொடாமலே, பக்கத்தில் சரியான நீளத்தில் சரியான தூரத்தில் நின்றாலே போதும் என்கிற இந்தச் செய்தியைத் தாளும் கையுமாக அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ஒரு வேலையும் செய்யாம பக்கத்துல நின்னா போதும்னா அதுக்கு நீங்களே போதுமே, எதுக்குக் குழாய்" என்றாள்.

மாடியில் தூண் நட்டு அதைத் தூக்கி நிறுத்தியது விளம்பரப் பலகை மாட்டுகிறவர், உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவரை ஏணி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரே அப்படித்தான் பெயர் சொல்கிறார். "ஏன்க்கா, இதெல்லாம் எடுத்துப் போட்ட காலத்துல புதுசா மாட்டுறீங்க, எத்தன சேனல் வரும்" என்று கேட்டாராம். "ஒரே சேனல்தான் தம்பி, எங்க பொண்ணு" என்றாளாம் அம்மா. கூடத்தில் மாட்டியிருக்கும் உலகப் படத்தைப் பார்த்து நான்தான் திக்குச் சொன்னேன். அதில் நீ நேர் மேற்கே, ஒரு விரல் மேலே இருக்கிறாய். மேற்கே திருப்பி முடுக்கினோம். உங்கள் ரேடியோ கிளப்பின் செய்தியறிக்கையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீ மோர்ஸில் அனுப்புவதாக எழுதியிருந்தாயே, உன் சனிக்கிழமை இரவு, எங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை. அதற்கு ஏழு மணிக்கே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தையல் மிஷின் மோட்டார் ஓடினால் ரேடியோவில் கரகரவென்று கேட்கிறது என்று அம்மா தைப்பதை நிறுத்திவிட்டுப் பித்தான் கோத்துக்கொண்டிருந்தாள். எட்டேகால் வரைக்கும் மணலைச் சலிக்கிற மாதிரி ஒரே இரைச்சல், வேறு ஒன்றும் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்தேன். அந்த ஒற்றைச் சத்தமும் என்னை விட்டுப் போய்விட்டது என்றுதான் முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் அம்மா படத்தின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். "பேப்பர்ல நேரா வெட்டுனது தோள்மேல போட்டா நேரா நிக்குமா? உலகம் உருண்டைன்னு ஊருக்கெல்லாம் எழுதுன மனுஷன், தட்டையா மாட்டி வெச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, நூல்கண்டை எடுத்துக்கொண்டு முழங்காலையும் பொருட்படுத்தாமல் படி இறங்கிப் போனாள். பல் டாக்டர் வீட்டு முன்னறையில் நோயாளிகள் உட்காருகிற இடத்தில் ஒரு உலக உருண்டை இருக்கிறது. நம் ஊர் மேல் நூலின் ஒரு முனையை வைத்து என்னை அழுத்தச் சொன்னாள், மறுமுனையை உன் ஊரில் வைத்துத் தொய்வில்லாமல் இழுத்தாள். நான் நூலை மேற்குப் பக்கமாகப் பிடித்துப் பார்த்தேன், அங்கே நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு தானாக மேலே ஏறியது, ஏறி ஏறி உருண்டையின் உச்சந்தலைக்குப் பக்கமாகப் போய், வெள்ளையாகப் பூசியிருந்த பனியின் மேல் படுத்துக்கொண்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நோயாளி வீங்கிய வாயோடு "எங்கம்மா போறீங்க" என்றாராம். "நாங்க போகல, சத்தம்தான் வரணும்" என்றாளாம். டாக்டர் வெளியே வந்து, "அந்த வழியில வெறும் ஐஸ்தான்மா, மனுஷங்களே கிடையாது" என்றிருக்கிறார். "அப்ப ரொம்ப நல்லது டாக்டர், குறுக்க யாரும் பேச மாட்டாங்க." நான் நூலை அழுத்திய விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். நீ போன இந்த ஒன்பது வருஷமாக உன்னை நினைக்கும்போதெல்லாம் நான் மேற்கு ஜன்னலைத்தான் பார்த்திருக்கிறேன். நீ வடக்கே இருந்திருக்கிறாய், தண்ணீர்த் தொட்டி இருக்கிற பக்கம். என் ஆண்டெனாவோ உனக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, விலாப் பக்கம் அதற்குக் காதே கிடையாது என்று அதே விளக்கத்தாளில் எழுதியிருக்கிறது.

ஏணி மறுபடி வந்தார். இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்கிறது என்பதால் ஆறடி தள்ளி நின்று பார்த்து, வடக்கிலிருந்து ஒரு துளி மேற்கே திருப்பினோம். போன ஞாயிறு உன் முறை. ஏழு இருபத்தெட்டு வரைக்கும் இரைச்சல். அப்புறம் அதற்குள்ளிருந்து, ஊசியில் நூல் நுழைகிற மாதிரி, ஒன்று வந்தது. தண்ணீருக்கடியில் தெரிகிற கூழாங்கல் போல அந்தச் சத்தம் நடுங்கியது, முதலில் உன் கைதான் நடுங்குகிறது என்று பயந்துவிட்டேன், பனிப் பிரதேசத்தின் மேலாக வருகிற சத்தம் அப்படித்தான் நடுங்கும் என்று பிறகு படித்தேன். பென்சில் தானாக எழுதியது. கிளப்பின் அழைப்புக் குறி, ரேடியோவில் அதுதானே பெயர், அதன் பின்னால் உன்னுடையது. ஒரு நூறு வாட் பல்புக்கு ஆகிற மின்சாரம், மகளே. அது அங்கிருந்து கிளம்பி, வானத்தில் மோதி, பனியில் மோதி, மறுபடி வானத்தில் மோதி, ஒரு விநாடியை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்தில் நம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்து, எதோடும் ஒட்டாத கம்பிகளுக்கு நடுவில் புகுந்து, என் காதுக்கு வருகிறது. நீ அனுப்பிய விஷயம், கிளப்பின் ஆண்டெனா கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும், கூட்டம் செவ்வாய்க்கு மாறியிருக்கிறது. செய்தி என்று பார்த்தால் உள்பக்க மூலைக்குக்கூடத் தேறாது. ஆனால் அமைச்சரவை கவிழ்ந்த அன்றைக்குக்கூட நான் இப்படிக் கை வியர்க்கக் குறிப்பெடுத்ததில்லை. பாதி எழுத்து விட்டுப்போனது, இருந்தாலும் நீ எங்கே தயங்குகிறாய், எங்கே வேகமெடுக்கிறாய் என்பதெல்லாம் தெரிந்தது, கைபேசியில் நீ தட்டி அனுப்புகிற வரிகளில் அது ஒருநாளும் தெரிந்ததில்லை. கடைசியில் அறிக்கை முடிந்த பிறகு நீயாக ஒரு வரி சேர்த்தாய். மெதுவாகப் போனதற்கு மன்னிக்கவும், வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, இடது கையால் அனுப்புகிறேன் என்று.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அம்மா பித்தானை அப்படியே மடியில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், "என்ன சொல்றா" என்றாள். நான், "நல்லா இருக்காளாம்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷினை ஓட்டப் போய்விட்டாள். நேற்றுப் புதன்கிழமை ஃபோனிலும் நீ கையைப் பற்றி மூச்சு விட்ட மாதிரித் தெரியவில்லை. நீ அம்மாவிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ஆக இந்த வீட்டில் யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கிற ஒரே கைபேசி அம்மா இடுப்பில் இருப்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன், கூரியர்காரர் ஆறு நாள் என்கிறார், உன் அடுத்த முறைக்கு முன்னால் வந்துவிடும். கட்டு எலும்புக்கா சதைக்கா, எப்படிப்பட்டது, யார் சமைக்கிறார்கள், ஒன்றும் தெரியாமல் நான்கு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டை நனைக்காதே. கனமான எதையும் தூக்காதே, சரியாகிவிட்டது என்று நீயாகத் தீர்ப்புச் சொல்லிக் கட்டைப் பிரிக்காதே, டாக்டர் சொல்லட்டும்.

இன்று காலை தபாலில் என் லைசென்ஸ் வந்துவிட்டது. இதுவரை ஒரு புள்ளிகூட நான் வானத்தில் விட்டதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, வருகிற உன் முறையில் அறிக்கையை முடித்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்துவிடாதே, அதே இடத்தில் பத்து நிமிஷம் காத்திரு. உன் அழைப்புக் குறியை மூன்று தரம் மெதுவாக யாராவது கூப்பிட்டால் அது நான். தப்புத் தப்பாக வரும், பொறுத்துக்கொள். கை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். இடது கையாலேயே சொல், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஆனால் சுருக்காமல் சொல். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், அவளுக்குப் புள்ளியும் தெரியாது, கோடும் தெரியாது.

உன் கை சீக்கிரம் கூடட்டும், தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீ நீண்ட நாள் நலமாக இருக்க நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் பதிலை உன்னிடமிருந்தே கேட்கப்போகிற
அப்பா